மெஷின் நானாவும் போயா நாள் விலையும்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தவர்களில், மனிதனாக இல்லாமல் இருப்பதற்கே மாதச் சம்பளம் வாங்கியவர் மெஷின் நானா ஒருவர்தான்.

ஓர்ஸ் ஹில்லில் ஒரு மாடிவீட்டின் மேல்தட்டில் எங்கள் ஒபிஸ். யன்னலைத் திறந்தால் உள்துறைமுகம், மூடினால் புழுக்கம். கொழும்புப் பங்கு விலைகளை எடுத்துக் கொடுக்கும் ஒரு கருவியை அங்கே செய்தோம். அதைப் பாவிக்கப்போவது செயற்கை நுண்ணறிவு ஏஜென்டுகள். முதலாளி ஒன்றைக் கேட்டால் தாமாகவே ஓடிப்போய்த் தகவல் தேடிவந்து பதில் சொல்லும் புரோகிராம்கள் அவை. கருவியிடம் எப்படிக் கேட்பது, வருகிற பதிலை எப்படி எடுத்துக்கொள்வது என்று அவற்றுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். எனக்கே அரைகுறையாக விளங்கியதை மெஷினுக்கு விளங்கப்படுத்தச் சொல்லிச் சம்பளம் தந்தார்கள்.

நானா கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட நாலைந்து வயது மூத்த முஸ்லிம் அண்ணன், அதனால் நானா. நான் எழுதுவதை ஏஜென்ட் மாதிரி வாசித்து, எழுதியிருப்பதை மட்டும் செய்து பார்ப்பது அவர் வேலை. அந்த வேலையைக் கொடுத்த எங்கள் மேனேஜர் மிஸ், அதை எப்போது நிறுத்தலாம் என்று சொல்ல மறந்துவிட்டார். நானா நிறுத்தவே இல்லை.

ஒருநாள் மிஸ், "நானா, கோப்பையில பிளேன்டீ ஊத்துங்கோ" என்றார். நானா ஊற்றினார். கோப்பை நிறைந்தது, சாசர் நிறைந்தது, மேசை நிறைந்தது.

"ஐயோ, நிப்பாட்டுங்கோ!"

"இப்பதானே சொல்றீங்க" என்று கேத்தலைக் கீழே வைத்தார்.

சாம்பல்தீவில் என் அக்காவின் கலியாணம். குடும்பத்தோடு வந்து மணமக்களை வாழ்த்தும்படி கார்டில் போட்டிருந்தோம். நானா மனைவி பிள்ளைகளோடு வந்தார், வாழ்த்தினார், நேரே படலைக்கு நடந்தார். அம்மா பின்னால் ஓடினார்.

"என்ன தம்பி, சாப்பிடாமப் போறீங்கள்?"

"கார்டில சாப்பாடு இல்லியே உம்மா."

"கார்டில இல்லாட்டி என்ன, கிடாரத்தில இருக்கு! வந்து இருங்கோ!"

இருந்தார். போதும் என்று யாரும் சொல்லாததால், பந்தி மூன்று முறை மாறும்வரை இருந்தார்.

என் தகுதிகாண் காலம் முடியும் மாதம் வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் தன் ஏஜென்டிடம் என் குறிப்பைக் கொடுத்துப் பார்ப்பார். சரிவந்தால் வேலை நிரந்தரம். சரிவராவிட்டால் புல்மோட்டையில் மாமா பார்த்துவைத்திருந்த, மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை. அம்மாவோ, மகனுக்குக் கம்பியூட்டர் ஒபிசில் வேலை என்று ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

வாடிக்கையாளர் குறித்த நாள் ஒரு போயா, பௌர்ணமி விடுமுறை. ஊரே லீவு, எங்களுக்கு மட்டும் வேலை. மாலையில் பரிசோதனை. காலையிலிருந்து நானா என் குறிப்பைப் பார்த்து ஒரே கம்பனியின் விலையைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் தீர்ப்புச் சொன்னார்:

"விலை அசையவே இல்ல. சரியான அமைதியான பங்கு. நம்பி வாங்கலாம்."

"நானா, இண்டைக்குப் போயா! சந்தை பூட்டு. அது முந்தின நாள் விலை."

"எங்க எழுதிரிக்கு?"

"அதெல்லாம் எழுதுறதே? இந்த நாட்டில குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும்."

"குழந்தைப்பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியா."

"இறைச்சிக்கடை பூட்டு, சோத்துக்கு வெறும் பருப்பு எண்டு காலையில நீங்கள்தானே அழுதனீங்கள்!"

"அது மனிசன் அழுதது, தம்பி."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பிறகுதான் உறைத்தது. மாலையில் வரப்போகும் ஏஜென்டுக்குப் பருப்பும் தெரியாது, போயாவும் தெரியாது. விலையோடு ஒரு திகதியும் வரும், அதைப் பார்க்கச் சொல்லி நான் எங்குமே எழுதவில்லை. அவசரமாக எழுதினேன்: சந்தை பூட்டிய நாளில் முந்தைய விலையே வரும். திகதியைப் பார். விலை மாறவில்லை என்று முடிவுகட்டாதே. நானா வாசித்தார். திகதியைப் பார்த்தார். "இண்டைக்குச் சந்தை பூட்டு" என்று, யாரோ புதினம் சொன்னதுபோல வியந்தார்.

மாலையில் அந்த ஏஜென்டும் அதையே சொன்னது. வாடிக்கையாளர் தலையாட்டினார். மிஸ் மூச்சு விட்டார். புல்மோட்டை ஐசுக்கு வேறு ஆள் பார்க்கும்படி மாமாவிடம் சொன்னேன்.

பிறகு நடந்ததுதான் அநியாயம். குறிப்புகளைச் சோதிக்க உண்மையான ஏஜென்ட் ஒன்றையே கம்பனி எடுத்தது. மெஷின் வந்தது, மெஷின் நானாவுக்கு வேலை போனது. மச்சானின் பெயின்ட் கடைக்குப் போவதாகச் சொன்னார். கடைசி நாள் படியில் நின்று, "போயிட்டு வாங்கோ நானா" என்றேன். போனார்.

மறுநாள் காலை பார்த்தால், ஒரு சட்டி கிண்ணியாத் தயிரோடு தன் கதிரையில் இருக்கிறார்.

"போகச் சொன்னீங்க, போனேன். வரச் சொன்னீங்க, வந்துட்டேன்."

மிஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். சிரிப்புக்கு அவ்வளவு நேரம் துடைக்கத் தேவையில்லை.

புது ஏஜென்ட் கெட்டிக்காரன்தான். தெரியாததை மரியாதையாக ஊகித்துக்கொள்ளும், ஒருநாளும் "எங்க எழுதிரிக்கு?" என்று கேட்காது. அதனால் ஒவ்வொரு போயாவுக்கும் முதல்நாள் நானாவுக்கு ஒரு குறுஞ்செய்தி எழுதுகிறேன். நாளைக்குக் கடை பூட்டுத்தானே, ஒபிசுக்கு வாங்கோ, தயிர் கொண்டுவாங்கோ, நான் எழுதினதை வாசியுங்கோ, உங்கட கதிரையில இருங்கோ.

எப்போது எழும்பிப் போகவேண்டும் என்று மட்டும் எழுதுவதில்லை.