கருங்கல் தூணும் கலியாணசுந்தரமும்

வீட்டைக் காட்டுபவர் என்று ஒரு ரகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை வைக்கத்தான் அவர் வீட்டுக்குப் போவீர்கள். திரும்பும்போது முழங்கால் வலியோடு வருவீர்கள்.

காஞ்சிபுரத்து ஜவுளிக்கடைக்காரர் கலியாணசுந்தரம் இந்த ரகத்தில் முதல் தரம். அவர் வாங்கிக் குடியேறிய வீடு ஒரு காலத்தில் யாத்ரீகர் சத்திரம். போதாதா? கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரைக்கூடத் தோள்சுமையை இறக்கவிடாமல், மாட்டுவண்டி நுழைந்த வாசல், வானம் தெரியும் முற்றம், ஊரே உட்கார்ந்து சாப்பிட்ட கூடம், கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புச் சுவர் என்று சுற்றிக் காட்டி, கருங்கல் தூணை மாட்டைத் தட்டுவதுபோல் தட்டி, "இந்த மாதிரி இப்போ எவன்பா கட்டறான்?" என்பார்.

எவனும் கட்டுவதில்லை. மழை நாளில் படுக்கையறையிலிருந்து குளியலறைக்குக் குடை பிடித்துப் போகும் அவர் மனைவி மங்கையர்க்கரசிக்குக் காரணம் தெரியும்.

போன ஆடியில் ஒரு மத்தியானம். கோயில் நடை சாத்தியிருந்தது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து வேனில் வந்த ஒரு கூட்டம் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தது. வலிய வந்த ஆட்கள்! விடுவாரா? உள்ளே அழைத்து எல்லாவற்றையும் காட்டி, கடைசியில் கைகளை விரித்து முழங்கினார்: "இந்த வாசல் ஏறி வந்தவங்கள யாரும் போன்னு சொன்னதே கிடையாதும்மா!"

கூட்டத்துக்குத் தலைவியான அங்கம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "மவராசனா இருப்பா! ஏய், எல்லாரும் வாங்க, ஜமக்காளத்த விரிங்க!"

கலியாணசுந்தரம் கணக்குப் போட்டார். 'இது வீடு' என்று சொன்னால் பெருமை போகும். சொல்லாவிட்டால் மனைவியிடம் மானம் போகும். பெருமைதான் முக்கியம் என்று ஜமக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார்.

மங்கையர்க்கரசி எட்டிப் பார்த்தாள். கூடம் முழுக்கக் கால்கள்.

"யாருங்க இவங்க?"

"யாத்ரீகர்கள்" என்றார் மெல்ல.

"அப்படியா? சத்திரம்னா சோறு போடணும்ல? இந்தாங்க, வெங்காயத்த உரிங்க."

உரித்தார். உரித்துக்கொண்டே தேக்கு உத்தரத்தின் அருமையை விளக்கினார். பதிலுக்குக் குறட்டை வந்தது. குரலை உயர்த்தினார்.

மாலையில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக் கிளம்பும்போது அங்கம்மாள் மங்கையர்க்கரசியின் கையைப் பிடித்துக்கொண்டார். "சத்திரம் நல்லாத்தாம்மா இருக்குது. மேனேஜர்தான் தூங்க உடாம பேசிக்கினே இருக்கறாரு."

மங்கையர்க்கரசி சிரித்த சிரிப்பில் முற்றத்துப் புறாக்கள் பறந்துபோயின. மேனேஜர் கொஞ்ச நாள் எந்தத் தூணையும் தட்டவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். புது ஃபிளாட்டுக்கு வந்த அத்தையை உட்காரக்கூட விடாமல், மாடுலர் கிச்சன் டிராயரை இழுத்து இழுத்துக் காட்டியது யாராம்?