தொட்டிமானி

தலை மொட்டைமாடியில், தண்ணீருக்குள். வால் சமையலறையில், பெட்டிக்குள். தலை பார்த்ததை வால் சொல்லும். சொன்னதை மறு நொடியே மாற்றியும் சொல்லும். அது என்ன? யோசித்துப் பாருங்கள்.

விடை தெரியாவிட்டால் வருத்தப்படாதீர்கள். அதைச் செய்த டில்லிபாபுவுக்கே அது பிடிபடவில்லை.

முட்டிவலியோடு மாடியேறித் தொட்டியை எட்டிப் பார்க்க அவரால் முடியவில்லை. அதனால் தொட்டிக்குள் ஒரு சென்சாரைத் தொங்கவிட்டார். அதன் ஒயரைக் கீழே இழுத்து, சமையலறையில் மூடிபோட்ட ஒரு பெட்டிக்குள் இருந்த கையகல கம்ப்யூட்டர் போர்டில் திருகினார். தண்ணீர் எத்தனை சதவீதம் என்று சின்னத் திரையில் எண் வர வேண்டும். வந்தது. அறுபது. இருபத்திரண்டு. தொண்ணூறு. மறுபடி முப்பது. தொட்டித் தண்ணீரோ அசையாமல் கிடந்தது.

"ஆடிக் கிருத்திகைக்கு என் தம்பி குடும்பம் காவடி எடுத்துகினு வருது," என்றாள் மனைவி தமிழ்செல்வி. "அதுக்குள்ள இது ஒயுங்கா ஒரு நம்பர் சொல்லணும். இல்லாட்டி பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுவேன்."

டில்லிபாபு பெட்டியைக் கையால் மறைத்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து அவர் சொந்தமாகச் செய்த பொருள் இது ஒன்றுதான்.

தினமும் குளித்ததும் பெட்டியின் மூடியைத் திறந்து அதன் முன் நிற்பார். ஒயர் திருகிய இடத்தில் குழைத்த சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் இடுவார். மலைமேல் இருக்கும் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். எண் குதிக்கும். ஒயரை மாற்றினார். அடாப்டரை மாற்றினார். பல எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தார். சராசரியும் குதித்தது.

ஒரு காலையில் குற்றவாளி அகப்பட்டது.

"செல்வி! மிக்சியை நிறுத்து! அந்த மோட்டார் சுத்தும்போது கரண்ட் கலங்குது. அந்தக் கலக்கம்தான் இதுல ஏறுது."

"ஆங்? அப்ப சட்னிக்கு இன்னா பண்றது?"

"கிருத்திகை வரைக்கும் மிக்சி கூடாது."

"சரிங்க. பின்னால அம்மி கீது. நீங்களே அரைச்சுடுங்க."

"நானா?"

"கலக்கத்தைக் கண்டுபிடிச்சது யாரு? நீங்கதானே?"

அரைத்தார். காலையில் தேங்காய், மாலையில் தக்காளி. முட்டிவலியோடு இடுப்புவலியும் சேர்ந்தது. மிக்சி மூச்சுவிடவில்லை. எண் மட்டும் குதித்துக்கொண்டே இருந்தது.

கிருத்திகைக்கு முதல் நாள் டில்லிபாபு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"போட்டுடு செல்வி. இரும்புக்காரன்கிட்டயே போட்டுடு."

தமிழ்செல்வி காய்ந்த துணி ஒன்றை எடுத்துவந்தாள். பெட்டியைத் திறந்து, ஒயர் திருகிய இடத்துச் சந்தனத்தை அழுத்தித் துடைத்தாள்.

எழுபத்தொன்று. எழுபத்தொன்று. எழுபத்தொன்று.

"ஈரச் சந்தனம் பக்கத்துப் பக்கத்துத் திருகாணியெல்லாம் ஒட்டிகினு இருந்தா, கரண்ட் அது வழியாவும் கசியாதா? பொட்டை மூடிமேல வைங்க."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க அம்மியில குந்துனதுக்கு மறுநாளே. தொடைச்சேன், நம்பர் நின்னுச்சு. அப்புறம் நீங்க வந்து திரும்ப அப்பிட்டுப் போனீங்க."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"சட்னி நல்லா இருந்துச்சே."

டில்லிபாபு எழுந்து நின்றார். "நாளையிலேர்ந்து மிக்சிதான். முடிவா சொல்லிட்டேன்."

"நீங்க இன்னா சொல்றது? தின்றவ சொல்லட்டும்," என்று தமிழ்செல்வி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் கவிப்பிரியாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

கவிப்பிரியா, நைனா அரைக்கிற சட்னியே வேண்டும் என்றாள்.