நாற்பதே எல்லை

மௌனியை மட்டும் பரீட்சையன்று வீட்டில் நிறுத்திவிட்டால் பள்ளிக்கூடம் பிழைத்துவிடும் என்று தலைமையாசிரியை கணக்குப் போட்டிருந்தார்.

தலைமையாசிரியை என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலையும் அவர்தான், வாலும் அவர்தான். ஐந்து வகுப்பும் ஒரே ஹாலில், ஐந்துக்கும் ஒரே டீச்சர். கூட்டிப் பெருக்க ஒரு ஆயாம்மா. அவ்வளவுதான் ஊழியர் படை.

கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. மூன்றாம் வகுப்புக்குத் தேர்வு வைப்பார்களாம். வகுப்பின் சராசரிக்கு நாற்பதே எல்லையாம். அதை வைத்துத்தான் எந்தெந்தப் பள்ளியை மூடிப் பெரிய பள்ளியோடு சேர்ப்பது என்று முடிவாகுமாம். பெரிய பள்ளி ஒன்பது கிலோமீட்டர் தள்ளி. பஸ் கிடையாது.

மூடினால் பையன்களில் பாதிப் பேர் போவார்கள். பெண்களில் ஒருத்தியும் போகமாட்டாள். இது டீச்சருக்கு ஊகமில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்த பெண்களெல்லாம் என்ன ஆனார்கள் என்று இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர்களில் இரண்டு பேர் தங்கள் குழந்தைகளையும் இங்கேதான் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், கைநாட்டு வைத்து.

மாதிரிப் பரீட்சையில் எட்டுப் பிள்ளைகளின் சராசரி முப்பத்தாறு. மௌனி வாங்கியது நாலு. வாயைத் திறக்காத பெண். படிக்கிறாளா, தூங்குகிறாளா என்பது அவளைப் படைத்தவனுக்கே வெளிச்சம்.

"அவளை வராதேன்னு சொல்லிட்டேன் ஆயாம்மா."

"ரெண்டாம் பக்கத்தைப் படிச்சீங்களா டீச்சர்?"

"ஏன்?"

"எனக்கென்ன தெரியும், எழுத்தா படிப்பா. ஆனா அந்த ஆபீசுக்காரங்க குழியை எல்லாம் ரெண்டாம் பக்கத்துலதான் வெட்டுவாங்க."

டீச்சர் திருப்பிப் பார்த்தார். வராதவர்களுக்குப் பூஜ்யம் என்று போட்டிருந்தது. நாலும் போய்விடும்.

சுற்றறிக்கையில் சந்தேகம் இருந்தால் அலுவலகத்தைக் கேட்கலாமே என்பீர்கள். அங்கே ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது, நிரப்பி அனுப்பச் சொல்லி நாலு படிவம் வரும். அதனால் அந்த வட்டாரத்தில் எவரும் எதையும் கேட்பதில்லை.

டீச்சர் பதிவேட்டை எடுத்தார். மௌனியை மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு இறக்கினார். ஒரு கோடு, ஒரு கையெழுத்து. வேலை சுலபமாக முடிந்தது.

மறுநாள் காலை மௌனியின் தாய்மாமன் வாசலில் நின்றார். குரலைக் கேட்டு மரத்திலிருந்த காக்கை பறந்தது.

"என் தங்கச்சி பொண்ணை எப்படி எறக்கலாம்? ஊருக்குள்ள நாங்க தலை காட்ட வேணாமா?"

"அண்ணே, ஒரு ரெண்டு வாரத்துக்குத்தான்..."

"ஒண்ணும் வேணாம். அவளுக்கும் டி.சி. குடுங்க, என் பையனுக்கும் டி.சி. குடுங்க."

அவர் பையன்தான் கணக்குப்புலி. வகுப்பில் எண்பது வாங்கும் ஒரே ஜீவன். புலி போனால் சராசரி முப்பத்துநாலு. பூனையை விரட்டப் போய் யானையை இழந்த கதை.

"அண்ணே, தப்புதான். இப்பவே மேல ஏத்திடறேன்."

"ஏத்தினா போதுமா? போன மானம் வருமா? என் பையனுக்கு ஒரு பொறுப்பு குடுங்க, பார்ப்போம்."

பள்ளிக்கூடத்தில் கொடுப்பதற்கு இருந்த ஒரே பொறுப்பு மணி அடிப்பது. கொடுத்தார்.

"பெரிய முள்ளும் சின்ன முள்ளும் பன்னெண்டுல ஒண்ணு சேர்ந்ததும் அடிக்கணும். மறக்கக்கூடாது."

"சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன் டீச்சர்," என்றான் புலி.

பிறகு இரண்டு வாரம் டீச்சர் மற்ற நாலு வகுப்பையும் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டு மூன்றாம் வகுப்பை மட்டும் வறுத்தெடுத்தார். இருமினாலும் வாய்ப்பாடு, தும்மினாலும் வாய்ப்பாடு. பரீட்சைக்கு உட்காரவைக்கும்போது புலியை நடுவில் வைத்துச் சுற்றிலும் மற்றவர்களை வைத்தார். எதற்கென்று சொல்லவில்லை. சொல்ல நாக்கு வரவில்லை. ஆனால் புலி தாளைக் கையால் மறைத்து, அதற்கு மேல் தலையையும் கவிழ்த்து எழுதுகிற கருமி என்பதை அவர் மறந்துபோனார்.

பத்து மணிக்கு வரவேண்டிய அதிகாரி பத்தே முக்காலுக்கு வந்தார். ஜீப் பஞ்சராம். டிரைவர் கைகழுவத் தண்ணீர் கேட்டார். பதினொன்றுக்குத் தாள் கொடுத்தார்கள். எழுத ஒன்றேகால் மணி நேரம்.

பென்சில்கள் ஓடின. டீச்சர் சுவரோரமாக நின்று நகத்தைக் கடித்தார். மௌனி ஜன்னலைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், என்னவோ எழுதினாள்.

சரியாகப் பன்னிரண்டு. புலி பென்சிலைக் கீழே வைத்தான், எழுந்தான், வெளியே நடந்தான். என்ன நடக்கப்போகிறது என்று டீச்சருக்கு உறைத்தபோது மணி அடித்துவிட்டது.

மணி அடித்தால் சாப்பாடு. ஐந்து வகுப்பும் தட்டோடு ஓடியது. மூன்றாம் வகுப்பு முன்னால் ஓடியது.

"என்னம்மா இது? இன்னும் கால் மணி நேரம் இருக்கே!"

"சார், கூப்பிட்டு உக்காரவச்சிடறேன்..."

"வெளிய போயிட்டாங்கன்னா திரும்ப எழுதக்கூடாது. ரூல்." அதிகாரி தாள்களைச் சேகரித்து மேசைமேல் வைத்தார். "திருத்தறதுக்கு முன்னாடி ஆபீசுக்கு ஒரு போன் போட்டுடறேன். சிக்னல் எங்க கிடைக்கும்?"

"தண்ணித் தொட்டி மேட்டுல சார்."

அவர் போனார். ஹாலில் டீச்சரும் எட்டுத் தாள்களும் மட்டும்.

தொடவேண்டாம் என்றுதான் நினைத்தார். கை கேட்கவில்லை. கேள்விக்கு நாலு மார்க். ஒவ்வொன்றாகக் கூட்டினார். மௌனியின் தாள் வந்ததும் கை நின்றது. இருபத்துநாலு. படித்துப் பொருள் சொல்லும் ஆறு கேள்விக்கும் சரியான விடை, கோணல்மாணலான அவள் எழுத்திலேயே. இந்தப் பெண் இவ்வளவு நாளும் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். டீச்சருக்குக் கண் நிறைந்தது. இவளையா இறக்கினேன் என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. சராசரி முப்பத்தொன்பது.

எட்டு மார்க் வேண்டும். இரண்டே இரண்டு விடை. புலியின் தாளில் கடைசி இரண்டு கேள்வி காலியாக இருந்தது.

மணி அடிக்கப் போகாவிட்டால் எழுதியிருப்பான்தானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தாளைத் தொட்டதில்லை. காப்பியடித்த பிள்ளைகளை முட்டிபோட வைத்தவர். மேட்டைப் பார்த்தார். அதிகாரி போனைத் தூக்கிப் பிடித்தபடி சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்.

பென்சிலை எடுத்து இரண்டையும் எழுதினார். அவசரத்தில் கிறுக்கியதில் அது புலியின் கையெழுத்து மாதிரியே அமைந்துவிட்டது.

அதிகாரி வந்து உட்கார்ந்து திருத்தினார். கூட்டினார். மறுபடி கூட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு டீச்சரையே பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார், வேலை போயிற்று என்று டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சரியா நாப்பது," என்றார் அதிகாரி. "ஒத்தை ஆளா ரொம்ப நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்கம்மா. பாவம்." தாள்களை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அலமாரிப் பக்கம் போனார்.

டீச்சர் வாசலுக்கு வந்தார். தட்டைக் கழுவிக்கொண்டிருந்த மௌனியை இழுத்துக் கட்டிக்கொண்டார். ஈரக் கையோடு அவள் திருதிருவென விழித்தாள். டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. எதிரே ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர்தான் கிடைத்தார்.

"நாப்பது வாங்கிட்டோம் டிரைவர்! சரியா நாப்பது!"

டிரைவர் துடைப்பதை நிறுத்தி உச்சுக்கொட்டினார்.

"அடடா, ஒரே ஒரு மார்க் கொறஞ்சிருந்தா தப்பிச்சிருப்பீங்களே டீச்சர்! எங்க ரிசல்ட்டு கெட்டுடும், நாப்பதுக்குக் கீழ இருக்கற பசங்களைச் சேர்த்துக்கவே மாட்டோம்னு பெரிய ஸ்கூல்ல சொல்லிட்டாங்க, அதனால பாஸான ஸ்கூலை மட்டுந்தான் மூடறாங்க!"