இப்ப ஸ்டேபிள்

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் இரண்டு இனம் உண்டு. வேலை நடந்தால் போதும் என்றிருப்பவர்கள் ஒன்று. நடக்கிற வேலை இன்னும் வேகமாக நடக்கக் கூடாதா என்று பார்ப்பதற்காக, நடக்கிற வேலையை நிறுத்தி வைப்பவர்கள் இன்னொன்று. இந்த இரண்டாம் இனத்துக்கு வேகங்கூட்டி என்று பெயர் வைத்துக்கொள்வோம். எங்கள் தீவில், டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில், அவர் பெயர் சுதாகர். பொதுப்பணித் துறையில் உத்தியோகம். உங்கள் தெருவில் வேறு பெயர், வேறு துறை. இல்லாமல் இருக்க மாட்டார்.

அடையாளம் காண்பது சுலபம். அவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பக்கவாட்டு மூடி இருக்காது. வீட்டிலிருக்கும் ஒரே டேபிள் ஃபேன் அதன் குடலை நோக்கித் திரும்பியிருக்கும்; கடற்காற்றின் பிசுபிசுப்பில் மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பார். மெயின்லேண்டுக்கு யார் போனாலும் மற்றவர்கள் மல்லிகைப்பூவும் மிக்சரும் சொல்லிவிடுவார்கள். இவர் "வரும்போது விரல் நீளத்துல ஒரு சின்ன சாமான்" என்பார். சென்னைக்கு அப்பாவின் காரியத்துக்குப் போன சக ஊழியர், மொட்டைத் தலையோடு ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி மெமரி வாங்கி வந்திருக்கிறார். அதை வாங்கிக்கொண்டுதான் சுதாகர் துக்கம் விசாரித்தார்.

உங்கள் வீட்டுக்கு வந்தால் குழந்தையைப் பார்க்க மாட்டார். மேசைக்கடியில் குனிவார். "அரே யார், இன்னும் மூவாயிரத்து இருநூறு ஸ்பீடுலயா மெமரி ஓடுது?" என்பார், உங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதைக் கண்டுபிடித்தவர் போல. அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த உங்கள் கம்ப்யூட்டர் அன்றிலிருந்து உங்களுக்கே மெதுவாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அவருடைய சித்தாந்தம் என்ன? பிராசஸர் என்பது கை வேகமான சமையல்காரர். மெமரி என்பது பக்கத்தில் நின்று வெங்காயத்தையும் உப்பையும் எடுத்துக் கொடுக்கும் ஆள். கம்பெனிக்காரன் சொன்ன வேகத்துக்கு மேல் சமையல்காரரை விரட்டிவிடலாம். அதற்குப் பெயர்தான் ஓவர்கிளாக். ஆனால் எடுத்துக் கொடுப்பவர் ஆடி அசைந்து வந்தால், சமையல்காரர் கரண்டியும் கையுமாக நிற்க வேண்டியதுதான். ஆகவே அவரையும் விரட்டு. இவ்வளவும் சரி. அவர் சொல்லாமல் விடுவது ஒன்றுதான்: அளவுக்கு மேல் விரட்டினால் எடுத்துக் கொடுப்பவர் உப்புக்குப் பதில் சர்க்கரையைக் கொடுப்பார். கொடுத்ததைச் சொல்லவும் மாட்டார்.

சுதாகர் விரட்டினார். திரை நீலமானது. மின்னழுத்தத்தை ஒரு பொட்டு ஏற்றினார். திரை கறுப்பானது. இன்னொரு பொட்டு ஏற்றியதும் எல்லாம் வழக்கம்போல் வந்து நின்றது. கைகளைத் தட்டிக்கொண்டு அந்த இனத்தின் மந்திரத்தை உச்சரித்தார்: "இப்ப ஸ்டேபிள்." ஸ்டேபிள் என்றால் என்ன பொருள்? இன்னும் கெட்டுப்போனது கண்ணில் படவில்லை என்று பொருள்.

இத்தனையும் அவர் கம்ப்யூட்டரில் நடந்திருந்தால் நமக்கென்ன? அது நளினியின் கம்ப்யூட்டர். அவர் மனைவி நளினி அதில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பவர். அன்று புரோத்ராபூர் சொர்ணம்மாவின் மகள் கல்யாண வீடியோ முடிய வேண்டும். மாப்பிள்ளை பிரவீன்குமாருக்குக் கச்சால் தீவு. அவருடைய அம்மா ராசம்மா, ரப்பர் தோட்டத்தில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு கல்யாணத்துக்கே வரவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் மாலைக் கப்பலில் ஏறுகிறார்கள். வீடியோ கூடவே போக வேண்டும். அவ்வளவு பெரிய கோப்பை அங்கிருக்கும் நெட்வொர்க்கில் அனுப்புவதைவிடக் கடலில் மிதக்கவிடலாம்.

வெட்டி ஒட்டியதைக் கம்ப்யூட்டர் ஒரே படமாக்கித் தரும் நாற்பது நிமிட வேலை, சுதாகரின் கைவண்ணத்தில் முப்பத்தேழு நிமிடத்தில் முடிந்தது. மூன்று நிமிடம் மிச்சம். அந்த மூன்று நிமிடத்தையும் மூன்று நிமிடம் மிச்சமானதைச் சொல்வதிலேயே செலவழித்தார்.

நளினி படத்தை ஓட்டிப் பார்த்தார். காப்புக் கட்டு நன்றாக இருந்தது. மாலை மாற்றியது நன்றாக இருந்தது. கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை குனிந்தார். அவர் கையிருந்த இடத்தில் பச்சையும் ஊதாவுமாகச் சதுரங்கள், லூடோ பலகை மாதிரி. சதுரங்கள் விலகியபோது பெண் கழுத்தில் தாலி இருந்தது.

"கட்டுன கை எங்கங்க?" என்று கேட்டார் நளினி.

"ஒரு ரெண்டு செகண்டுதான. பாக்கி எல்லாம் டீக் ஹை."

"கல்யாணமே அந்த ரெண்டு செகண்டுதாங்க."

சுதாகர் அசரவில்லை. மெமரியை இன்னும் ஒரு படி இறக்கினால், அல்லது மின்னழுத்தத்தை ஒரு பொட்டு ஏற்றினால், என்று தொடங்கினார். நளினி ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வாங்கிட்டு வந்தப்ப எந்த வேகத்துல ஓடுச்சோ அந்த வேகத்துல வைங்க. வச்சுட்டு அந்தாண்ட போய் உக்காருங்க."

வைத்தார், பதவி பறிபோனவர் முகத்தோடு. கம்ப்யூட்டர் நாற்பது நிமிடமும் எடுத்துக்கொண்டது. நளினி பக்கத்திலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தார். முடிந்ததும் ஓட்டிப் பார்த்தார். கை வந்திருந்தது, மூன்றாவது முடிச்சைப் போட்ட நாத்தனாரின் கைகூட வந்திருந்தது. பென் டிரைவைக் கொடுத்து, "குடுத்துட்டு உடனே வந்துடணும்" என்று சுதாகரை அனுப்பினார்.

துறைமுக ஜெட்டியில் கப்பல் நின்றுகொண்டிருந்தது. பிரவீன்குமார் பென் டிரைவை வாங்கி, லேப்டாப்பில் ஒருமுறை பார்த்துவிடுவோமே என்று திறந்தார். அது எழுந்து வரக் கொஞ்சம் நேரமானது. அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்தை இந்த இனத்தால் தாங்க முடியுமா? "பாய், இதுல மெமரி எவ்வளவு?" என்று கேட்டபடி சுதாகர் அதைக் கவிழ்த்துப்போட்டுச் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் திருக ஆரம்பித்திருந்தார். கப்பல் சங்கு ஊதியது. பெண் கூப்பிட, மாப்பிள்ளை லேப்டாப்பை அப்படியே வாரியெடுத்துக்கொண்டு ஓடினார்.

வீட்டில் நளினி, "குடுத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"ம்" என்றார் சுதாகர். பையில் கிடந்த நான்கு ஸ்க்ரூக்களைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

கச்சாலில் ராசம்மா கட்டிலில் சாய்ந்தபடி மகன் தாலி கட்டியதைப் பார்த்துவிட்டாராம். லேப்டாப்பின் முதுகை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ரப்பர் தோட்டத்து ஊர், அதற்கென்ன பஞ்சம்? பொறுமையாகத்தான் எழுந்து வந்ததாம். அந்த அம்மாவும் பொறுமையாகத்தான் காத்திருந்தாராம்.

நீங்கள் சிரிக்கலாம். மெமரியாவது, பிராசஸராவது, நமக்கென்ன என்று. குரல் செய்தியை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுவிட்டு, பிறகு போன் செய்து "என்னம்மா சொன்னே?" என்று கேட்பது யார்? அதை விடுங்கள். இந்தப் பத்திக்கு இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்து சேர்ந்தீர்கள்? நடுவில் நாலு வரி தாவினீர்கள்தானே? திரும்பிப் போய்ப் பாருங்கள். தாலி கட்டியது அங்கேதான்.