மனம் நோகாமல் பார்ப்பவர்

மனிதரை வேண்டுமென்றே நோகடிப்பவர்கள் ஒரு ரகம். நோகக்கூடாது, நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்தே நோகடிப்பவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்துக்கு மாத்தளையில் ஒரு தலைவர் வேண்டுமென்றால் தர்மராஜாவை விட்டால் ஆளில்லை.

கந்தோரில் இருபது வருஷமாக அவருக்குப் பக்கத்து மேசைக்காரனான பவித்ரன், அண்மையில் இஸ்லாத்துக்கு மாறி யூசுப் ஆனான். மனுஷன் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னாரா? மூச்! அன்றிலிருந்து ஒரே கவனம்தான். அவன் வந்தால் மேசையிலிருக்கும் பிள்ளையார் படத்தைக் கவிழ்ப்பார், நெற்றி விபூதியைத் துடைப்பார், தேத்தண்ணி வந்தால் அவன் குடிப்பானோ என்னவோ என்று கோப்பையைத் தன் பக்கமே இழுத்துக்கொள்வார். எந்தப் பேரைச் சொல்வது என்று பயந்து, இருமியே கூப்பிடுவார்.

இந்த நேரம் பார்த்தா மகள் நிலக்ஷிக்குக் கல்யாணம் வரவேண்டும்? சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கித் திரிந்தவன் யூசுப். கோயில் மண்டபத்துக்கு அவனைக் கூப்பிடுவதா? சாப்பாடு சைவம்தான், ஆனாலும்? பள்ளிவாசல் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் றஹீம் நானாவிடம் ஓடினார்.

"நானா, சாம்பார் ஹலாலுங்களா?"

"என்ன ஐயா, பருப்பையும் பிஸ்மி சொல்லி அறுக்கணுமா? அவர்ட்டயே கேளுங்களேன்."

"ஐயையோ, கேட்டா மனசு நோகுமே!"

கலேவெல ஊரிலிருக்கும் மச்சானிடம் போனில் கேட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் கேட்டார். மண்டபத்துச் சமையல்காரரையும் விடவில்லை. கடைசியில் வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொன்னார்: "கூப்பிடாம விட்டாத்தான் அவனுக்கு நிம்மதி."

"அவனுக்கா, உங்களுக்கா?" என்றாள் மனைவி ஞானாம்பிகை. அவர் காதில் விழுந்தால்தானே!

கல்யாணம் முடிந்து கந்தோர் திறந்த அன்று யூசுப் ஒரு பார்சலோடு வந்து நின்றான். நிலக்ஷிக்கென்று எப்போதோ எடுத்து வைத்த சேலை.

"அண்ணே, நான் வருவேனா மாட்டேனான்னு ஊரெல்லாம் கேட்டீங்களாமே. நான் பக்கத்து மேசையிலதானே இருந்தேன்?"

தர்மராஜா பழையபடி இருமினார். யூசுப் சேலையை வைத்துவிட்டுப் போய், தன் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டான். இன்றும் அப்படித்தான் இருக்கிறது அந்தக் கதிரை.

நீங்கள் அந்த ரகம் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் வாசிக்கத் தொடங்கியதிலிருந்து, 'அவன் ஏனாம் மாறினான்?' என்று ஒரு தரமாவது நினைத்தீர்களா, இல்லையா? பார்த்தீர்களா, அதையும் அவனிடம் கேட்காமல் என்னிடம்தானே கேட்க வருகிறீர்கள்!