மாடத்தி எழுதிய ஸ்டேஷன் பலகை

ஒரு காட்டில், அறிவிப்புகள் எல்லாம் இனி இங்கிலீஷில்தான் என்று சிங்கராஜா முடிவெடுத்த வருஷத்தில், மாடத்தி என்கிற கரடி வேலை தேடிக்கொண்டிருந்தாள். மலைத்தேன் அருகிவிட்டது. வீட்டில் இரண்டு குட்டிகள். அரண்மனையில் பலகை எழுதும் உத்தியோகம் காலியாக இருந்தது; மாதம் பிறந்தால் ஓர் அடை தேன் சம்பளம். ஆனால் இங்கிலீஷ் பரீட்சையில் தேற வேண்டும்.

பரீட்சை வைத்தது நரி.

"நைஃப்னு எழுதும்மா."

மாடத்தி காதில் விழுந்தபடி எழுதினாள்.

"முன்னால ஒரு 'கே' எங்கே?"

"நீங்க 'கே'ன்னு சொல்லவே இல்லியே ஐயா!"

"சொல்ல மாட்டோம். எழுதுவோம்," என்று நரி சிவப்புக் கோடு இழுத்து அவளை அனுப்பிவிட்டது.

ஓடைக்கரையில் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது மைனா வேதவல்லி வந்தாள். காட்டில் எந்தச் சத்தத்தையும் அச்சு அசலாகத் திருப்பிச் சொல்லக்கூடியவள்.

"அழாதே. இங்கிலீஷுக்குன்னு நானே புதுசா எழுத்து செஞ்சு வச்சிருக்கேன். ஒரு சத்தத்துக்கு ஒரு எழுத்து. வாய் சொல்றதைக் கை எழுதும், அவ்வளவுதான்."

மணலில் வரைந்து காட்டினாள். சீறுகிற சத்தத்துக்குப் பாம்பின் நெளிவு. உறுமலுக்குப் புலி நகம். 'ஓ'வுக்குத் திறந்த வாய். அமாவாசைக்குள் மாடத்தி அத்தனையையும் படித்துவிட்டாள். முதன்முதலாக ஒரு முழு வாக்கியத்தை, 'த ரிவர் இஸ் டீப்' என்று தானே வாசித்துவிட்டுச் சிரித்தாள். குட்டிகளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை வாசித்தாள். அவற்றுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா சிரிப்பதைப் பார்த்து அவையும் சிரித்தன.

மற்ற மிருகங்களும் கற்றுக்கொண்டன. சிங்கராஜாவுக்கே 'நைஃப்' எழுத வராது என்பது அரண்மனை ரகசியம். ஆகவே அவர் மகிழ்ந்துபோய்ப் புது எழுத்தையே காட்டின் எழுத்தாக அறிவித்து, மாடத்திக்கு வேலையும் கொடுத்தார். முதல் வேலை, புதிதாக வந்திருந்த ரயிலுக்கு ஒரு ஸ்டேஷன் பலகை.

மாடத்தி தன் வாய் சொன்னபடி 'இஸ்டேசன்' என்று எழுதினாள். பெயிண்ட் காயவில்லை, குரங்குகள் வந்துவிட்டன.

"அது என்ன இஸ்? நாங்க டேசன்னுதான் சொல்றோம்."

"சுட்டேசன்!" என்று காட்டுப்பன்றிகள் முட்ட வந்தன.

"ஷ! ஷ! ஸ்டேஷன்! நான் டவுன்ல, கூண்டுல இருந்து படிச்சவ," என்று கீச்சிட்டது கிளி.

பலகை இரண்டாக உடைந்தது. சிங்கராஜா ஒரு குழு போட்டார். தலைவர் நரி.

"யாராவது ஒருத்தர் உச்சரிப்பை வச்சுக்கிட்டு மத்தவங்க அதைப் பழகிக்கலாமே," என்றாள் வேதவல்லி.

"யார் உச்சரிப்பை?"

"என்னோடதைத்தான்."

அதுவரை ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருந்த மிருகங்கள் அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாகி அவளைக் கூட்டத்திலிருந்து விரட்டின. சிங்கராஜா மாடத்தியிடம் திரும்பினார். "நாளைக்கு எல்லாரும் ஒத்துக்கற பலகை நிக்கணும். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

மாடத்தி குட்டிகளை நினைத்தாள்.

"எல்லார் எழுத்தையும் போட்டுடறேன் மகாராஜா. அவங்கவங்க சத்தத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லட்டும். மத்ததைக் கண்டுக்காம தாண்டிப் போகட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். யானை மட்டும் நகரவில்லை.

"எங்க எழுத்து?"

"நீங்க எப்படிச் சொல்லுவீங்க அண்ணாச்சி?"

"நாங்க சொல்றதே இல்லை."

"அப்புறம் எழுத்து எந்தச் சத்தத்துக்கு?"

"மரியாதைக்கு."

நடுவில் ஒரு தும்பிக்கை வரைந்தாள். பலகை மரத்துக்கு மரம் நீண்டது. பிறகு எல்லாச் சொல்லிலும் எல்லாருக்கும் எழுத்து கேட்டார்கள். 'பஸ்'ஸே ஒன்பது எழுத்தில் போய் நின்றது.

வேதவல்லி அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மாடத்திக்குத் தேன் கசந்தது. அந்தச் சமயம் ஸ்டேஷனில் அறிவிப்பு சொல்ல ஆள் தேடினார்கள். ஒரு சமூகத்தின் எழுத்தையும் விடாமல் வாசிக்க வேண்டும். யாருக்கும் நாக்கு புரளவில்லை. மாடத்தி ஓடைக்கரைக்குப் போய்த் தலைகுனிந்து நின்றாள்.

"வாத்தியாரம்மா, உங்களால மட்டும்தான் முடியும்."

"என் எழுத்தைக் கொன்னுட்டே."

"ஆமா. சம்பளம் தினம் ஒரு குலை அத்திப்பழம்."

மைனா தத்தி அருகே வந்து, "பழுத்ததா?" என்று கேட்டாள்.

அன்று முதல் வேதவல்லி ஒலிபெருக்கியின் மேல் உட்கார்ந்து, "இசுஸ்ட்டே..." என்று தொடங்கி, யானைக்காக ஒரு மூச்சு மௌனமாக இருந்து, "...ஷ்சன்" என்று முடிக்கிறாள். ஒவ்வொரு மிருகமும் தன் சத்தம் வந்ததும் மெய்மறந்து தலையாட்டுகிறது. அறிவிப்பு முடிவதற்குள் ரயில் போய்விடுகிறது. கூட்டம் திருப்தியாக வீட்டுக்குத் திரும்புகிறது.

நீதி: எல்லாருக்கும் உரிய மரியாதை கிடைத்துவிட்டால், ரயில் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.