இருவர் நுழைந்து ஒருவர் திரும்பினால்

பெரிய சாம்பல் ஆந்தை தன் பெட்டைக்கு எலி ஊட்டும் படத்தை இந்த வசந்தத்தில் எடுத்தே தீருவது என்று தைஸ்டோ சபதம் செய்திருந்தான். பனி முழுதும் கரையாத சதுப்போரத்தில், கூட்டுக்கு எதிரே, மறைவுக் கூடாரமும் தயார்.

வழிமுறை எளிது. அவனும் மனைவி ஹில்க்காவும் சேர்ந்து கூடாரத்துக்குள் நுழைவார்கள். அவள் மட்டும் திரும்பிப் போவாள். "ஆந்தைக்கு எண்ணத் தெரியாது. வந்தவங்க போயிட்டாங்கன்னு நெனச்சுக்கும்" என்பான் தைஸ்டோ. மாலையில் அவளே வந்து அழைத்துப் போகவேண்டும். அவன் தனியே வெளியே வந்தால் குட்டு உடைந்துவிடும். பறவை கூட்டையே கைவிட்டுவிடும்.

"நான் திரும்பிப் போறப்ப அது என்னைப் பாக்கறதே இல்ல, தைஸ்டோ. கூடாரத்தையேதான் மொறைக்குது."

"உனக்கு என்ன தெரியும்? காபியை வெச்சுட்டுக் கெளம்பு!"

வீட்டில் எந்த வாக்குவாதத்திலும் அவன்தான் ஜெயிப்பான். நியாயத்தால் அல்ல, தொண்டையால்.

அன்று நண்பகலில், கூடாரத்துக்குள் இருந்தவனின் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. ஹில்க்கா.

"எங்கே இருக்கே?" என்று கிசுகிசுத்தான்.

"ரயில்ல. ஹெல்சின்கிக்கு, தங்கச்சி வீட்டுக்கு. இனிமே அங்கேதான்."

"என்ன உளர்றே?"

"மெதுவா! ஆந்தை பயந்துடும்."

"வீட்டுக்கு வா. பேசிக்கலாம்."

"வீட்டுல நீ கத்துவே. அதான் இங்கே ஒன்னை உக்கார வெச்சுட்டுச் சொல்றேன். கல்யாணமானதுலேருந்து இன்னிக்குத்தான் ஒரு பேச்சை முழுசா முடிக்கிறேன்."

"அப்போ சாயங்காலம் என்னை யார் கூட்டிட்டுப் போறது?"



"அதுதான் ஒனக்கு மொதக் கவலை! சரி, 'போகாதே'ன்னு ஒரே ஒரு தடவை உரக்கச் சொல்லு. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடறேன்."

தைஸ்டோ வாயைத் திறந்தான். அந்த நொடியில்தான் ஆண் ஆந்தை அலகில் எலியோடு வந்து கூட்டின் விளிம்பில் அமர்ந்தது.

"போகாதே," என்றான், மூச்சுக்காற்றாக.

"காதுல விழல."

விரல் தானாகவே கேமராவின் பொத்தானை அழுத்தியது. அந்தச் சத்தம் மட்டும் அவள் காதில் நன்றாக விழுந்திருக்கவேண்டும். இணைப்பு அறுந்தது.

படம் அற்புதமாக வந்திருந்தது. அதைக் காட்ட வீட்டில் ஆளில்லை என்பது உறைத்ததும், "ஹில்க்கா, போகாதே!" என்று காடே அதிரக் கத்தினான்.

ஆந்தைகள் இரண்டும் அசையவில்லை. எலியை விழுங்கி முடித்த பெட்டை மட்டும், நெடுநாள் பழகியவனைப் பார்ப்பதுபோல், கூடாரத்தின் துவாரத்தை நேராகப் பார்த்தது.